தலைமன்னார் போட் மெயிலுக்கு எந்த எஞ்சின், பெட்டிகளுக்கு என்ன நிறம்?

உப்புவெளி மாதிரிக்காரர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் புகையிரத மாதிரிகள் செய்யும் சிலர் சேர்ந்து, ஒரு பாடசாலைக் கண்காட்சிக்காகத் தலைமன்னார் துறையின் மாதிரியைச் செய்துகொண்டிருக்கிறோம். இறங்குதுறை, அதன் ஓரமாகக் கட்டப்பட்டிருக்கும் நீராவிக் கப்பல், கொழும்புக் கோட்டையிலிருந்து வந்து தனுஷ்கோடிக் கப்பலோடு இணையும் போட் மெயில் வண்டி ஆகிய மூன்றும் அதில் இடம்பெறும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிப்பதற்கு முந்திய காலத்தைக் காட்டுவதே எங்கள் விருப்பம். மரவேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. நிறம் பூசும் கட்டத்தில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்திருக்கிறது.

கப்பலோடு இணையும் வண்டி சாதாரண வண்டியாக இருந்திருக்க முடியாது, ஆகவே பெட்டிகளுக்கு நீலமோ பாலாடை நிறமோ பூசிப் பொன்னிறக் கோடு இழுக்க வேண்டும் என்று ஒருவர் வாதிடுகிறார். அவர் ஆதாரமாகக் காட்டுபவை ஐரோப்பிய வண்டிகளின் படங்கள். திருமலைக் கோச்சியிலும் மட்டக்களப்புக் கோச்சியிலும் நாம் சிறுவயது முதல் கண்ட செம்பழுப்பே போதும், போட் மெயிலுக்கென்று எவரும் தனியாக நிறம் பூசியிருக்க மாட்டார்கள் என்பது மற்றவரின் கட்சி. எஞ்சின் விடயத்தில் நீராவியா டீசலா என்பதும் முடிவாகவில்லை.

கப்பலோடு இணையும் பயணிகள் வண்டிகளுக்குப் பொதுவாகத் தனி நிறமும் தனி எஞ்சினும் ஒதுக்கப்பட்டனவா, அல்லது அது சில நாடுகளின் வழக்கம் மட்டும்தானா என்பதை விடயம் தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மன்னார் வடபாதை

வணக்கம். நிறத்துக்கு முன் நீங்கள் ஆண்டை முடிவு செய்ய வேண்டும். “1964க்கு முன்” என்பது ஐம்பது ஆண்டுகளைக் குறிக்கும் சொல். பாம்பன் பாலம் 1914 பெப்ரவரி 24 இல் திறக்கப்பட்டு, மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரையான நமது பாதையும் அதே ஆண்டில் முடிந்த பிறகே இந்த இணைப்பு தொடங்கியது. அதற்கு முன்னர் சென்னையிலிருந்து வருபவர்கள் தூத்துக்குடி வரை வண்டியில் வந்து, அங்கிருந்து கொழும்புக்கு நேராகக் கப்பல் ஏறினார்கள். 1914 முதல் கடல் வழி ஏறத்தாழ 22 மைலாகச் சுருங்கியது.

இந்த ஐம்பது ஆண்டுகளில் முதல் நாற்பதும் நீராவிக் காலம். அக்காலத்தை எடுத்தால், 4-6-0 சக்கர அமைப்பு (முன்னே நான்கு சிறு சக்கரங்கள், அடுத்து ஆறு இயக்கு சக்கரங்கள்) கொண்ட பி வகுப்பு எஞ்சினைக் கறுப்பு நிறத்தில் நிறுத்துவதே பொருத்தம். 1950களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் கட்டப்பட்ட எம்1 வகுப்பு டீசல் எஞ்சின்கள் வந்தன. 1954 இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா வழங்கிய எம்2 வகுப்பு வரத் தொடங்கியது. எம்2 எஞ்சின் 1425 குதிரைவலு உடையது. பலவற்றுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, மனிற்றோபா என்று கனடிய மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. (2004 ஆழிப்பேரலையின்போது பெரலியவில் அகப்பட்ட வண்டியை இழுத்து வந்தது இந்த மனிற்றோபாதான், திருத்தப்பட்டு மீண்டும் ஓடியது.) ஆகவே 1950களின் பிற்பகுதியைக் காட்டுவதானால் நீராவி, டீசல் இரண்டில் எதை வைத்தாலும் வரலாற்றுக்கு முரணாகாது. ஆனால் எம்2 இல் இன்று நாம் காணும் வண்ணப்பூச்சை அப்படியே 1958க்குக் கொண்டுபோகாதீர்கள். எழுபது ஆண்டுகளாகப் பணியாற்றும் எஞ்சின் ஒவ்வொரு பெரிய திருத்தத்தின் பிறகும் பட்டறையிலிருந்து ஒரே கோலத்தில் வெளிவந்திருக்காது.

எஞ்சினைப் பற்றிக் கேட்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போட் மெயில் என்பது ஒரே பெயரில் ஓடிய இரண்டு வண்டிகள். எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்தது மீற்றர் அகலப் பாதையில் ஓடியது. தலைமன்னாரிலிருந்து கொழும்புக்குச் சென்றது 1676 மில்லிமீற்றர் அகலப் பாதையில் ஓடியது. இந்தியப் பக்கத்துப் பெட்டியொன்றைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாலும் நமது தண்டவாளத்தில் அது நின்றிருக்காது. பயணியும் பெட்டிபடுக்கையும் தபால் பைகளும் மட்டுமே கடலைக் கடந்தன. ஒரு கரையில் பிடித்த படத்தைப் பார்த்து மறுகரை வண்டிக்கு நிறம் பூசுவது இணையத்தில் அடிக்கடி நடக்கிறது. உங்கள் நண்பர் காட்டும் படங்களில் தென்னிந்தியப் பெட்டிகளும் கலந்திருக்கலாம், சரிபாருங்கள்.

பெட்டிகளின் நிறத்தில் நான் செம்பழுப்புக் கட்சி. நமது வண்டி மாலையில் கோட்டையை விட்டு, இரவெல்லாம் ஓடி, காலையில் துறைக்கு வந்தது. இருட்டில் ஓடும் வண்டியின் வெளிப்புறத்தை அலங்கரிக்க எந்த நிருவாகமும் பணம் செலவழித்திருக்காது. படுக்கை வசதி ஒழுங்காக இருக்கிறதா என்பதே பயணியின் கவலை.

கோட்டை வீதி வாசகர்

மேலே எழுதியவரின் முடிவை ஏற்கிறேன்; அவர் சொன்ன இறுதிக் காரணத்தை மட்டும் ஏற்க இயலவில்லை. இருட்டில் ஓடியதால் அலங்காரம் இல்லை என்றால், இலண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே ஓடிய “நைட் பெரி” வண்டியை எப்படி விளக்குவது? 1936 ஒக்ரோபர் 14 இல் தொடங்கி 1980 ஒக்ரோபர் 31 வரை ஓடிய அந்த வண்டியும் முழு இரவு வண்டிதான். இருந்தும் அதன் படுக்கைப் பெட்டிகள் கருநீலத்தில் பொன்னெழுத்துகளோடு இருந்தன. அந்த நீலம் வண்டிக்கென்று தெரிவு செய்த நிறமன்று. வாகோன் லி நிறுவனம் 1920களிலிருந்து ஐரோப்பா முழுவதும் தன் படுக்கைப் பெட்டிகளுக்குப் பூசிவந்த நீலம் அது. ஒரு பெட்டி இஸ்தான்புல்லுக்குப் போனாலும் கப்பலில் ஏறினாலும் அதே நீலம்தான். பெட்டி யாருடைய சொத்தோ அவருடைய நிறமே அதன் மேல் இருக்கும்; அது எங்கே போகிறது என்பதற்கும் நிறத்துக்கும் தொடர்பில்லை. இலங்கைப் புகையிரதத் திணைக்களத்தின் பெட்டி இலங்கைப் புகையிரதத் திணைக்களத்தின் நிறத்தில் இருந்திருக்கும் என்பதற்கு இதைவிட வேறு நியாயம் தேவையில்லை.

நைட் பெரியின் தனித்தன்மை நிறத்தில் இல்லை, அடிச்சட்டகத்தில் இருந்தது. டோவரில் பெட்டிகளைக் கப்பலின் தளத்தில் போடப்பட்ட தண்டவாளத்தில் தள்ளி ஏற்றி, சங்கிலிகளால் தளத்தோடு பிணைத்துவிடுவார்கள். அதற்கான பிடிகள் பெட்டியிலேயே இருந்தன. பயணிகள் படுக்கையை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. பெட்டிக்குள்ளே உயிர்காப்பு அங்கிகளும் வைத்திருந்தார்கள். பிரித்தானியப் பாதையின் சுரங்கங்களும் மேடைகளும் ஒடுக்கமானவை என்பதால், ஐரோப்பாவின் ஏனைய வாகோன் லி பெட்டிகளைவிட இவற்றைச் சற்று ஒடுக்கமாகக் கட்டினார்கள். பெட்டிகள் கனமானவை, ஆதலால் இரண்டாம் உலகப் போருக்கு முன் டோவருக்கும் இலண்டனுக்கும் இடையே இரண்டு எஞ்சின்களை முன்னால் பூட்டி இழுப்பது வழக்கமாக இருந்தது. எந்த எஞ்சினும் கடல் கடக்கவில்லை. அந்தக் கரையில் பிரெஞ்சு எஞ்சின், இந்தக் கரையில் ஆங்கிலேய எஞ்சின்.

உங்கள் நண்பரின் பொன்னிறக் கனவு வேறொரு வண்டியிலிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அது “கோல்டன் ஆரோ”. 1929 மே 15 முதல் இலண்டன் விக்ரோறியா நிலையத்திலிருந்து டோவருக்கு ஓடிய பகல் வண்டி. பிரான்சில் 1926 இலேயே கலேக்கும் பாரிஸுக்கும் இடையே அதன் இணை வண்டி தொடங்கிவிட்டது. இலண்டன் பக்கத்துப் புல்மன் சொகுசுப் பெட்டிகள் கீழே பழுப்பும் மேலே பாலாடை நிறமுமாக இருந்தன. அதுவும் புல்மன் நிறுவனத்தின் பொதுவான நிறமே. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் எஞ்சினின் இரு பக்கங்களிலும் நீண்ட பொன்னிற அம்பைப் பொருத்தினார்கள்; முகப்பில் வட்டமான புகைப்பெட்டிக் கதவின் குறுக்கே இன்னோர் அம்பு; அதற்குக் கீழே பிரித்தானியக் கொடியும் பிரெஞ்சுக் கொடியும். மாட்டுப் பொங்கலன்று மாட்டைச் சோடிப்பதைப் போன்றதுதான் இது: அன்றைக்கு அந்த வண்டியை இழுக்கும் எஞ்சினுக்கு மாட்டுவார்கள், வேலை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள், அதே எஞ்சின் மறுநாள் வேறு வண்டியை அம்பில்லாமல் இழுக்கும்.

1946 இல் போருக்குப் பின் அந்த வண்டி மீண்டும் தொடங்கியபோது அதை இழுத்தது “மேர்ச்சன்ற் நேவி” வகுப்பின் முதல் எஞ்சின். அதன் பெயர் “சனல் பாக்கெற்”. இந்த வகுப்பின் முப்பது எஞ்சின்களுக்கும் கடலோடு தொடர்புடைய பெயர்கள், பெரும்பாலும் கப்பல் நிறுவனங்களின் பெயர்கள். பெயர்ப்பலகை வட்டமானது, நடுவில் அந்தக் கப்பல் நிறுவனத்தின் கொடி எனாமலில் பதிக்கப்பட்டிருக்கும், பெயர் அதன் குறுக்கே ஓடும். அவற்றுள் ஒன்றின் பெயர் “பிரிட்டிஷ் இந்தியா லைன்”. கொழும்புத் துறைமுகத்துக்குப் பழக்கமான ஒரு கப்பல் நிறுவனத்தின் கொடி இங்கிலாந்தின் நீராவி எஞ்சின் ஒன்றில் ஏறியிருப்பதை நம்மவர்கள் பலர் கவனித்ததில்லை. போருக்குப் பின் அந்த எஞ்சின்கள் மலக்கைற் பச்சையில், பக்கவாட்டில் மூன்று மஞ்சள் கோடுகளோடு வந்தன. நாட்டுடைமையான பின் சில காலம் நீலம், பிறகு கரும்பச்சை. 1961 இல் மின்சார எஞ்சின்கள் அந்த வேலையை ஏற்றன. 1972 செப்ரெம்பர் 30 இல் வண்டியே நின்றுபோனது.

உப்புவெளி மாதிரிக்காரர்

இருவருக்கும் மிக்க நன்றி. நீலத்துக்கு வாதிட்ட நண்பர் பாதி இறங்கி வந்திருக்கிறார். ஆனாலும் அவர் ஒரு கேள்வியை விடவில்லை: டோவரில் பெட்டியையே கப்பலில் ஏற்ற முடிந்தது என்றால், தலைமன்னாரில் ஏற்றாததற்குத் தண்டவாள அகலம் மட்டுமா காரணம், கடலும் ஒரு காரணமா? அது தெரிந்தால் துறையின் முனையை எப்படி அமைப்பது என்பதும் தெளிவாகும்.

சீனன்குடாப் பட்டறை

கடலைக் காரணமாகச் சொல்வது கடினம். டோவரில் ஏற்றவற்று பல மீற்றர் உயரத்துக்கு மாறும். அதனால் கப்பலின் தளமும் கரைத் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் நிற்பதற்காக, கப்பலைத் தனித் தொட்டிக்குள் விட்டு, வாயிலை அடைத்து, பம்பிகளால் நீர்மட்டத்தைச் சரிசெய்தார்கள். பாக்கு நீரிணையில் அந்தத் தொல்லை இல்லை. நமது உட்துறைமுகத்தைப் பார்த்தாலே தெரியும், இந்தக் கடற்பகுதிகளில் ஏற்றவற்று ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆழம் குறைந்த நீர் என்பது வேறு பிரச்சினை. அதற்கேற்ற கப்பல்களையே அங்கே ஓட்டினார்கள். இரு கரையிலும் ஒரே அகலப் பாதை இருந்திருந்தால் யாராவது முயன்றிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். மெசினா நீரிணையில் இன்றைக்கும் உரோமாபுரியிலிருந்து சிசிலிக்குச் செல்லும் வண்டிகளின் பெட்டிகள் கப்பலில் ஏறுகின்றன. ஜேர்மனிக்கும் டென்மார்க்குக்கும் இடையில் புட்கார்டன்–ரோட்பி வழியில் 1963 முதல் 2019 வரை வண்டிகளே கப்பலில் ஏறின. அங்கே பிற்காலத்தில் வந்த டேனிஷ் ஐசி3 டீசல் தொடரின் முகப்பைச் சுற்றிக் கறுப்பு இறப்பர் வளையம் இருக்கும். இரண்டு தொடர்களைப் பொருத்தும்போது அவை அழுந்தி ஒட்டிக்கொள்ளும், நடுவே பயணிகள் நடந்து போகலாம். பார்ப்பதற்கு அழகில்லை என்பது என் கருத்து.

இனி உங்கள் மாதிரிக்கு வருகிறேன், ஏனென்றால் நிறத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று அங்கே காத்திருக்கிறது. 1:76 அளவுத்திட்டத்தில் செய்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன், கடையில் கிடைக்கும் சக்கரங்களும் தண்டவாளமும் பெரும்பாலும் அதற்கானவை. அந்தத் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். அதை 76 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1255 மில்லிமீற்றர்தான் வரும். நமது பாதையோ 1676. அதாவது உண்மையான அகலத்தில் நான்கில் ஒரு பங்கு காணாமற் போய்விடும். எஞ்சினை முன்பக்கத்திலிருந்து பார்க்கும் எவருக்கும் அகன்ற உடலும் ஒடுங்கிய கால்களும் கண்ணில் குத்தும். துறையின் முனையில் வண்டி பார்வையாளரை நோக்கி நிற்கும்படி நீங்கள் அமைத்திருந்தால் இது இன்னும் மோசமாகத் தெரியும். சரியான அகலம் 22 மில்லிமீற்றர். ஓடாத காட்சி மாதிரிதானே, தண்டவாளத்தை நீங்களே கட்டைகளின் மேல் ஒட்டிவிடலாம், அச்சை மட்டும் நீளமாக்கிக்கொண்டால் போதும்.

பின்னாளில் தனுஷ்கோடித் துறையையும் சேர்த்துச் செய்யும் எண்ணம் இருந்தால், மீற்றர் பாதை அதே அளவுத்திட்டத்தில் 13 மில்லிமீற்றர். அதற்குக் கடையில் கிடைக்கும் 12 மில்லிமீற்றர்த் தண்டவாளம் பரவாயில்லை. இரண்டு துறைகளையும் அருகருகே வைத்தால், பெட்டி ஏன் கடலைக் கடக்கவில்லை என்பதைப் பிள்ளைகள் எந்த விளக்கமும் இல்லாமல் புரிந்துகொள்வார்கள்.

செம்பழுப்பைப் புத்தம் புதிதாகப் பூசி விட்டுவிடாதீர்கள். உப்புக்காற்றில் நிற்கும் பெட்டியில் முதலில் நிறம் போவது யன்னல்களின் கீழ் விளிம்பிலும் படிக்கட்டு பொருத்திய இடத்திலும்தான். கூரையின் முன்பாதி நீராவி எஞ்சினின் கரியால் கறுத்திருக்க வேண்டும், எஞ்சினுக்கு அடுத்துள்ள பெட்டியில் அதிகமாக, பின்னால் போகப்போகக் குறைவாக. சக்கரங்களின் மேல் திருமலை வீதியின் செம்மண் தூசியைத் தூவும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. தலைமன்னாரில் மண் வெளிறிய மணல், அங்கே அது பொருந்தாது.

மூதூர்த் துறையடி

இந்தத் தொடரை வாசித்த பிறகு ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. கப்பலோடு இணையும் வண்டியைத் தேடி மன்னார் வரை போன தம்பிமார், நமது ஊருக்கு வரும் வண்டியை மறந்துவிட்டார்கள். கல்லோயாச் சந்தியிலிருந்து திருகோணமலைக்குப் பாதை வந்தது 1927 இல். கொழும்பிலிருந்து இரவுத் தபால் வண்டியில் வந்து விடிகாலையில் திருமலை நிலையத்தில் இறங்கும் மூதூர்க்காரர், இறங்குதுறைக்குப் போய் லாஞ்ச் ஏறித்தான் வீடு சேர வேண்டியிருந்தது. தரைவழியாகப் போனால் துறைக்குத் துறை பாதையில் (ஆட்களை ஏற்றும் மிதவையில்) ஏறி இறங்க வேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலமும் 2011 இல் மூதூர் வீதியின் ஏனைய பாலங்களும் திறக்கப்படும் வரை இதுவே நிலைமை. அந்த இரவு வண்டிக்கும் எவரும் தனி நிறம் பூசவில்லை. கோட்டை வீதி நண்பர் சொன்ன நியாயம் நமது ஊர் வண்டிக்கும் பொருந்துகிறது.

போட் மெயிலின் பெட்டி வரிசையைப் பற்றி எவரும் எழுதவில்லை. நிறம் ஒன்றாக இருந்தாலும் வரிசையால் வண்டியை வேறுபடுத்திக் காட்டலாம். படுக்கைப் பெட்டி, பொதுப் பெட்டிகள், தபால் பெட்டி ஆகியவற்றை வையுங்கள். தபால் பெட்டியின் கதவைத் திறந்து வைத்து, அங்கிருந்து கப்பலை நோக்கித் தபால் பைகள் செல்வதாகக் காட்டினால் அது போட் மெயில் என்பது எவருக்கும் விளங்கும். பொன் கோடு தேவைப்படாது.

உப்புவெளி மாதிரிக்காரர்

எல்லோருக்கும் நன்றி. 1950களின் நடுப்பகுதி, கறுப்பு நிறத்தில் பி வகுப்பு நீராவி எஞ்சின், செம்பழுப்புப் பெட்டிகள், 22 மில்லிமீற்றர்த் தண்டவாளம் என்று முடிவு செய்திருக்கிறோம். எம்2 எஞ்சினை விரும்பியவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் அந்தக் காலத்து நிறம் உறுதியாகத் தெரியாத எஞ்சினை மாணவர்களின் முன் வைக்க மனம் ஒப்பவில்லை. நீராவி எஞ்சினின் அளவுகளையும் படங்களையும் எடுப்பதற்கு, 2014 இல் கடுகண்ணாவையில் திறக்கப்பட்ட புகையிரத அருங்காட்சியகத்துக்குச் சென்றுவர எண்ணியிருக்கிறோம். அங்கே எஞ்சின்களின் அருகில் நின்று அளவெடுக்க முன் அனுமதி பெற வேண்டுமா என்பதை அண்மையில் போய்வந்தவர்கள் தெரிவித்தால் பயணத்தை ஒழுங்குசெய்ய வசதியாக இருக்கும்.

மன்னார் வடபாதை

படம் எடுப்பதற்குத் தடை சொல்லமாட்டார்கள். அளவெடுப்பதற்குப் பாடசாலையின் கடிதமொன்றைக் கையில் கொண்டுபோங்கள். சக்கரங்களின் இடைவெளியையும் கொதிகலனின் விட்டத்தையும் முதலில் எடுத்துவிடுங்கள், மற்றவற்றைப் படத்திலிருந்து கணக்கிடலாம். துறையின் பழைய கட்டமைப்பைப் பார்க்க வேண்டுமென்றால் தலைமன்னாருக்கு வாருங்கள். 2015 மார்ச்சிலிருந்து வண்டி மீண்டும் துறை வரை வருகிறது, கப்பல்தான் இல்லை.